எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தில் எதற்காக வர்க்கப்படுத்துகிறோம்? சராசரியிலிருந்து உள்ள வித்தியாசங்களை அப்படியே கூட்டினால் ஆகாதா?

ஆகாது, கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். என் ஆபீஸ் பயணத்தை வைத்தே காட்டுகிறேன்.

பெங்களூரில் அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டுக்குத் தினமும் போய் வருகிறேன். பஸ்ஸில் போன ஐந்து நாள் குறித்து வைத்தேன்: 45, 50, 55, 60, 90 நிமிடம். அப்புறம் மெட்ரோவில் ஐந்து நாள்: 57, 59, 60, 61, 63. இரண்டுக்கும் சராசரி 60. ஆனால் ஒன்பதரை மணி மீட்டிங்குக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? அதற்குச் சராசரியிடம் பதில் இல்லை.

பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் வீச்சு. பஸ்ஸுக்கு 45, மெட்ரோவுக்கு 6. சுலபம்தான், ஆனால் நடுவில் உள்ள மூன்று நாளை அது கண்டுகொள்வதே இல்லை.

பஸ் நேரங்களிலிருந்து 60-ஐக் கழியுங்கள்: −15, −10, −5, 0, 30. கூட்டினால் பூஜ்யம். குறியை விட்டுவிட்டுக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 12 நிமிடம். இது சராசரி விலக்கம். வீட்டில் யாருக்காவது விளக்க இதுவே போதும் என்பேன். வர்க்கப்படுத்தினால் 225, 100, 25, 0, 900. மொத்தம் 1250, ஐந்தால் வகுத்தால் 250, அதன் வர்க்கமூலம் 15.8 நிமிடம். இதுதான் திட்டவிலக்கம். மெட்ரோவுக்கு இதே கணக்கில் வெறும் 2. இப்போது 8.25-க்குக் கிளம்பி மெட்ரோவில்தான் போகிறேன்.

அந்த 900-ஐக் கொஞ்சம் பாருங்கள். 1250-ல் கிட்டத்தட்ட முக்கால்வாசி ஒரே நாளால் வந்தது. அன்று மழை, கே.ஆர்.புரம் தொங்கு பாலத்தருகே பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. அந்த நாளை எடுத்துவிட்டால் சராசரி 52.5, திட்டவிலக்கம் 5.6 ஆகிவிடும். வர்க்கம் பெரிய விலகலை அவ்வளவு ஊதிவிடும். அதனால் திட்டவிலக்கம் பெரிதாக இருந்தால் தினமும் தாறுமாறு என்று நினைத்துவிடாதீர்கள், எண்களையும் ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு தொல்லை இருந்தும் வர்க்கத்தை விடாததற்குக் காரணம், அதைக் கூட்ட முடியும் என்பதுதான். பஸ்ஸுக்கு மேல் ஷேர் ஆட்டோவும் பிடிக்கிறீர்கள், அதன் திட்டவிலக்கம் 3 நிமிடம், வர்க்கம் 9 என்று வையுங்கள். ஒன்றின் தாமதம் மற்றதைப் பாதிக்காதவரை மொத்தப் பயணத்துக்கு 250 + 9 = 259, மூலம் 16.1. 15.8-ம் 3-ம் சேர்ந்த 18.8 அல்ல. சராசரி விலக்கத்தில் இப்படிப் பொதுவான கூட்டல் விதி கிடையாது. 1918-ல் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் திட்டவிலக்கத்தின் வர்க்கத்துக்கு வேரியன்ஸ் என்று தனிப்பெயர் வைத்ததும் இந்த வசதிக்காகத்தான். நம் பள்ளிப் புத்தகத்தில் அது விலக்க வர்க்கச் சராசரி.

சரி, இதே பஸ் எண்களை எக்செல்லில் போட்டு 17.7 வந்தால் பதற வேண்டாம். அது ஐந்துக்குப் பதில் நான்கால் வகுத்திருக்கிறது. சராசரியையும் அதே ஐந்து நாளிலிருந்தே எடுத்ததால் விலகல்கள் உள்ளதைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அதை ஈடுகட்டத்தான் அந்த ஒன்று குறைகிறது.