தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு ரிவால்வர்

கேள்வி: ஐயா, என் தாத்தா அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியின் அடியில், தோலுறைக்குள் ஒரு பழைய ரிவால்வர் கிடந்தது. ‘வெப்லி’ என்ற எழுத்து தெரிகிறது. உருளை துருப்பிடித்து இறுகிவிட்டது. குடும்ப நினைவாக வைத்திருக்க ஆசை. எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: முதலில் அதைக் கீழே வையுங்கள். உருளை சுற்றவில்லை என்றால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. நூறு வயதுத் தோட்டாவும் வெடிக்கக்கூடும். விசையைத் தொடாமல், உருளையைத் தட்டிப் பார்க்காமல் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டவும் வேண்டாம்.

அடுத்தது எண்ணெய் அல்ல, காகிதம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துப்பாக்கி வாரிசுச் சொத்தாக வரலாம். தாத்தாவின் அனுமதிப்பத்திரம் அப்படி வராது. ‘பழைய சாமான்தானே’ என்று பலர் அலுமாரியில் வைத்துவிட்டுப் பிறகு நீதிமன்றப் படியேறுகிறார்கள். ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிட்டு, வெறுங்கையோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அவர்களே வந்து எடுக்கட்டும். தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். திரும்பக் கிடைக்காமலும் போகலாம், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

தோட்டா இல்லை என்று அவர்கள் உறுதிசெய்த பின், எழுத்துகளைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். வெப்லி பர்மிங்ஹாம் நகரத் தயாரிப்பு. அதன் ஆறாம் மார்க், அதாவது ஆறாவது மாதிரி, 1915இல் பிரித்தானியப் படைக்கு வந்தது: ஆறு தோட்டா, ஏறத்தாழ ஒரு கிலோ எடை. அகன்ற அம்புக்குறி பொறித்திருந்தால் அது அரசுப் படையின் பொருளாக இருந்தது என்று பொருள். அம்பு இல்லாவிட்டால், சொந்தப் பணத்தில் வாங்கியதாக இருக்கலாம். அக்காலத்து அதிகாரிகள் அப்படியும் வாங்கினார்கள். தோட்டத்துக்கு அது வர வழிகள் பல: 1914இல் இலங்கைத் தோட்டத்துரைமாரின் ரைபிள் படைப்பிரிவு முதல் உலகப் போருக்காக எகிப்துக்குக் கப்பலேறியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது எஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் மூட்டை கட்டினார்கள். உங்கள் தாத்தாவின் கைக்கு அது எப்படி வந்தது என்பதைப் பெட்டியில் உள்ள கடிதங்களும் பழைய அனுமதிப்பத்திரமும்தான் சொல்ல வேண்டும். அவற்றில் ஒரு துண்டைக்கூட எறியாதீர்கள். என்னைக் கேட்டால், இரும்பைவிட அந்தக் காகிதங்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அனுமதி கிடைத்து வீட்டுக்கு வந்தால், இனி உங்கள் கேள்விக்கு வருவோம். உப்புத்தாள், சாம்பல், புளி எதுவும் கிட்டே வரக்கூடாது. அந்தக் கரும்பழுப்புப் பூச்சு அழுக்கல்ல. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்தும் போகும், வயதும் போகும். துருவில் இரண்டு வகை உண்டு: விரலில் செம்பொடியாக ஒட்டுவது இன்னும் இரும்பைத் தின்கிறது, ஒட்டாமல் கறுத்து இறுகியது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. பொடியாக வருவதை மட்டும், தையல் மெசின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். கையுறை போடுங்கள். வியர்வையின் உப்பு அடுத்த வாரமே ரேகையைத் துருவாக எழுதிவிடும்.

மலைநாட்டில் உண்மையான எதிரி ஈரம். கச்சான் மழையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறதே! தோலுறைக்குள் மட்டும் திருப்பி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலமும் இரும்பை அரிக்கும். ஒருமுறை அப்படி உறையிலிருந்து உருவிய ரிவால்வரைப் பார்த்தேன். உறையின் தையல் வரிசை குழல் நெடுகப் புள்ளி புள்ளியாக அரித்துப் பதிந்திருந்தது. உறையைத் தனியே பருத்தித் துணியில் சுற்றுங்கள். துப்பாக்கியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு, பூட்டிய இரும்புப் பெட்டியில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். பொட்டலங்களை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.

சுட்டுப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால், சாவியை அவர் கண்ணில் படாமல் வையுங்கள்.