38 வரிகளிலும் ஒரே சேலை

கேள்வி: மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கையிருப்பு விவரம் எக்ஸ்.எம்.எல். கோப்பில் (விவரங்களைப் பெயரிட்ட பகுதிகளாக அடுக்கி வைக்கும் கோப்பு) இருக்கிறது. அதிலிருந்து விலைப்பட்டியல் எடுக்க, அத்தகைய கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்.எஸ்.எல்.டி.யில் ஒரு நிரல் எழுதினேன். 38 சேலைகளுக்கு 38 வரிகள் வருகின்றன; ஆனால் எல்லாவற்றிலும் முதல் சேலையின் பெயரே இருக்கிறது. விலைக் கட்டமோ காலி. கோப்பு கெட்டுவிட்டது என்கிறார் முதலாளி. உண்மையா?

பதில்: கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். 38 வரிகள் வந்ததே அதற்குச் சாட்சி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ‘ஃபார்-ஈச்’ கட்டளையில் நீங்கள் எழுதிய "//சேலை" தன் வேலையைச் செய்திருக்கிறது. வில்லங்கம் அதற்குள்ளே மதிப்பை எடுத்து எழுதச் சொல்லும் ‘வேல்யூ-ஆஃப்’ கட்டளையில் எழுதிய "//பெயர்" என்பதில்தான்.

முன்னால் இரண்டு சாய்கோடுகள் போட்டால், கோப்பின் வேருக்கு, அதாவது உச்சித் தொடக்கத்துக்கு, போய் அங்கிருந்து தேடு என்று பொருள். மேல ஆவணி மூல வீதியில் ஒரு வீட்டு வாசலிலேயே நிற்பவர், அதன் கதவெண்ணைப் பார்க்காமல், கிழக்குக் கோபுரத்துக்குத் திரும்பிப் போய் ஊர் முழுக்கக் கதவெண் எடுத்து வருவதைப் போன்றது இது. ஒவ்வொரு முறையும் 38 பெயர்களும் கையில் சேர்கின்றன. 1999-இல் வந்த எக்ஸ்.எஸ்.எல்.டி. 1.0 பதிப்போ அவற்றில் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 2007-இல் வந்த 2.0 பதிப்பில் எழுதியிருந்தால் வரிக்கு வரி 38 பெயர்களையும் கொட்டியிருக்கும். பார்க்கச் சகிக்காது, ஆனால் தவறு அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

சாய்கோடுகளை அழித்துவிட்டு "பெயர்" என்று மட்டும் எழுதுங்கள். அது இன்னும் ஆழத்தில், வேறோர் உறுப்புக்குள் (சேலை, பெயர் போன்ற பெயரிட்ட பகுதிக்குள்) இருந்தால் முன்னால் ஒரு புள்ளி வையுங்கள்: ".//பெயர்". நிற்கும் இடத்திலிருந்து தேடு என்பதற்கு அந்தப் புள்ளி. அதை மறந்து நானே ஒரு பகலைத் தொலைத்திருக்கிறேன்.

விலைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய வரி <சேலை விலை="650"> என்று தொடங்குகிறது. விலை அங்கே தனி உறுப்பு அல்ல, சேலையின் பண்பு; அதாவது சேலையின் தொடக்கத்துக்குள்ளேயே எழுதிய விவரம். "@விலை" என்றால் 650 வரும். வெறும் "விலை" என்று ஓர் உறுப்பைத் தேடி, கிடைக்காமல், கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறது. இப்படித் தேடும் வழிகளை எழுதும் மொழியான எக்ஸ்பாத் இதையெல்லாம் பிழை என்று முறையிடாது.

உறுப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி, எக்ஸ்.எம்.எல். அதைத் தாராளமாக ஏற்கும். ஒன்று மட்டும். ‘மொத்தம்’ என்றோர் உறுப்பைச் சேர்த்து, அது காலியாக வந்தால், ‘மொ’ கோப்பு, நிரல் என்ற இரண்டு இடத்திலும் ஒரே விதமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் இருக்கலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எக்ஸ்பாத்துக்கு அவை வெவ்வேறு பெயர்கள்.