தயிர்சாதப் பூனையும் பிஸ்கட் லாப்ரடாரும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

வயதும் எடையும் குறிப்பிடாத கடிதங்களுக்குப் பதில் சொல்வது கடினம் என்று பலமுறை எழுதிவிட்டேன். இந்த முறையும் அப்படிப்பட்டவை பல. அவற்றை ஒதுக்கிவிட்டு, அவசரமான ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆண் பூனை, மூன்று வயது. மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. உலர் உணவை மாற்றட்டுமா? (சேலம்)

இதற்குக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்கவே கூடாது. இது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். அடைப்பு ஒன்றிரண்டு நாள் நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். இப்படி நேர்ந்தால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈர உணவும் நிறையத் தண்ணீரும் மறுபடி வராமல் தடுக்க உதவும், அடைத்ததைத் திறக்காது.

எங்கள் லாப்ரடாருக்கு ஐந்து வயது, 41 கிலோ, கருத்தடை ஆனது. இரண்டு வேளை நாய் உணவு மட்டுமே தருகிறோம். ஆனாலும் எடை ஏறுகிறது. (கோவை)

"மட்டுமே" என்கிறீர்கள். அதே கடிதத்தின் கடைசியில் காலை நான்கு பிஸ்கட், மாலை நான்கு பிஸ்கட், இரவு ஒரு சப்பாத்தி என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் 20, 25 கலோரி. எல்லாம் சேர்த்தால் 300 கலோரிக்குப் பக்கத்தில் வருகிறது. 30 கிலோ இருக்க வேண்டிய நாய் இளைப்பதற்கு ஒரு நாள் முழுக்க ஏறக்குறைய 900 கலோரிதான் கொடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கை பிஸ்கட்டும் சப்பாத்தியுமே தின்றுவிடுகின்றன. தின்பண்டம் எதுவானாலும் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ் கொடுங்கள். உணவை டம்ளரால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். மாதம் ஒன்றரை கிலோ குறைந்தால் போதும். குறையவே இல்லையென்றால் தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டும்.

மிஞ்சிய சாம்பார் சாதம் நாய்க்குப் போடலாமா? (விருதுநகர்)

கூடாது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. பூனைக்கு இன்னும் மோசம்.

என் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. என்ன கொடுக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா இல்லை? வயது, எடை, தடுப்பூசி, வாந்தி, பேதி எதுவுமே கடிதத்தில் இல்லை. தடுப்பூசி போடாத குட்டியாக இருந்தால் பார்வோ காய்ச்சலில் இரண்டு நாள் என்பதே தாமதம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். எங்கள் பூனைக்கு நான்கு வருடமாகத் தயிர்சாதமும் பாலும்தான். நன்றாகவே இருக்கிறது. சமீபமாக இரவில் நாற்காலிக் காலில் இடித்துக்கொள்கிறது. நல்ல டானிக் சொல்லுங்கள். (திருச்சி)

நன்றாக இருக்கும் பூனை இருட்டில் எதிலும் இடிக்காது. ஊர்ப் பெயர் மட்டும் மாறி இதே கடிதம் வந்துகொண்டே இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. பெரும்பாலான நாய்களுக்கும் அப்படியே. பூனையால் போதிய அளவு தயாரிக்க முடியாது. போதாததற்குப் பித்தநீர் வழியாக அதை அன்றாடம் இழந்துகொண்டும் இருக்கிறது. அரிசியில் டாரின் இல்லை; பாலிலும் தயிரிலும் இருப்பது பெயருக்குத்தான். குறைபாடு உடனே வெளியே தெரியாது. மாதக்கணக்கில் விழித்திரை தேய்ந்து, இதயத் தசை நலிந்து, இதயம் பெருத்துக்கொண்டே போகும். 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள், இதயம் பெருத்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருந்ததையும், அதைக் கொடுத்ததும் இதயம் தேறியதையும் காட்டினார்கள். அவை கடையில் விற்ற பூனை உணவைத் தின்ற பூனைகள். அதன் பிறகே நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. இறைச்சி கலந்த உணவிலேயே அந்தக் குறை வந்ததென்றால், தயிர்சாதத்தில் நான்கு வருடம் என்ன செய்திருக்கும்?

பகல் வெளிச்சத்தில் பூனையின் கண்ணைப் பாருங்கள். கருமணி மெல்லிய கோடாகச் சுருங்க வேண்டும். வெயிலிலும் அகன்று வட்டமாகவே நின்றால் பார்வை பெருமளவு போயிருக்கலாம். இதயம் தேற வாய்ப்பு உண்டு. தேய்ந்த விழித்திரை திரும்பாது. இந்த வாரமே கண்ணையும் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதியுங்கள். டானிக் பேச்சை விடுங்கள். கேரட் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கேரட்டின் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளப் பூனைக்கு இயலாது.

வீட்டில் இறைச்சி சமைக்க மனம் இல்லையென்றால் அதை மதிக்கிறேன். பூனைக்கான முழுமையான உணவு என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்குங்கள். நாய் உணவு வாங்காதீர்கள். பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்கினால் இரண்டு மூன்று நாளிலேயே கல்லீரலில் கொழுப்பு படியும். இறைச்சி சமைக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: டாரின் வேகவைத்த நீரில் கரைந்துவிடும், அந்த நீரைக் கொட்டாமல் உணவோடு சேருங்கள். வெறும் கோழியும் முழு உணவு ஆகாது. இது எதுவுமே வேண்டாம் என்பவர்கள் முயல் வளர்க்கலாம். தயவுசெய்து பூனை வளர்க்காதீர்கள்.

மூன்று மாத ஜெர்மன் ஷெப்பர்டு, 11 கிலோ. கோழிக்கறியும் சோறும் தருகிறோம். முன்கால்கள் வளைகின்றன. கால்சியம் சிரப் எவ்வளவு ஊற்றலாம்? (மதுரை)

எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். குட்டிக்கோ கால்சியம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். உணவில் கிடைக்காததை உடம்பு எலும்பிலிருந்து உருவுகிறது, கால் வளைகிறது. சிரப்பை உங்கள் கணக்கில் ஊற்றாதீர்கள், பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகப்படியான கால்சியமும் எலும்பைக் கெடுக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பெரிய இனக் குட்டிகளுக்கான முழு உணவுக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் கால்சியம் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதுவரை மாடிப்படி ஏற விடாதீர்கள்.

பிரியாணியில் மிஞ்சிய எலும்பு? (ஆம்பூர்)

வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். அதில் ஒட்டியிருக்கும் மசாலாவில் வெங்காயம் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், வெங்காயம் கூடாது.

பாயசத்து முந்திரி, திராட்சை? (தஞ்சாவூர்)

திராட்சை சிறுநீரகத்தைப் பறித்துவிடும். ஒன்றுகூட வேண்டாம். முந்திரியில் கொழுப்பு மிகுதி.

சிப்பிப்பாறை, இரண்டு வயது, 20 கிலோ. கேழ்வரகுக் கூழும் மோரும்தான் உணவு. விலா எலும்பு தெரிகிறது என்று பக்கத்து வீட்டார் திட்டுகிறார்கள். (கோவில்பட்டி)

எடை எழுதியதற்கு நன்றி. வேட்டை நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதுதான் சரியான உடல்வாகு. முதுகெலும்பு முள்முள்ளாகத் துருத்தினால்தான் கவலை. கூழைச் செரிக்க நாய்க்குச் சிரமம் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு என்பது 2013இல் வந்த ஆய்வு. ஆனால் கூழிலும் மோரிலும் புரதம் போதாது. தினமும் இரண்டு அவித்த முட்டையும் கொஞ்சம் வெந்த கறி அல்லது முள் நீக்கிய மீனும் சேருங்கள். குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.