எதிரணி ஸ்டேடியத்தில் மகள் டிரம்பெட் வாசிக்கிறாள், நான் போகலாமா?

கடிதம்

வணக்கம் மேடம்,

கேட்பவர்களுக்கு என் பிரச்சினை சின்னதாகத் தெரியலாம். எனக்கு இதனால் சில வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை.

நான் கோவில்பட்டிக்காரன். எம்.எஸ். படிக்க ஆன் ஆர்பருக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். வந்த புதிதில் பேச ஆள் கிடையாது. லேபில் கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு சனிக்கிழமை என்னை ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் இடம். அமெரிக்கன் ஃபுட்பாலில் எனக்கு ஒரு விதிகூடத் தெரியாது. பக்கத்தில் இருந்த வயதான தம்பதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். டச் டவுன் விழுந்து எங்களுக்குப் புள்ளி கிடைத்ததும் அந்தப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்த நாட்டில் என்னைத் தங்களில் ஒருவனாக முதலில் நடத்திய இடம் அதுதான். பிறகு வேலை, கல்யாணம், வீடு எல்லாம் மிச்சிகனிலேயே அமைந்தது. சனிக்கிழமை மேட்ச் நண்பர்களோடுதான், யாராவது ஒருவர் வீட்டில்.

என் மகள் படிப்பது கொலம்பஸில், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த இரண்டு டீமும் 1897-லிருந்து மோதுகின்றன. நவம்பர் கடைசியில் நடக்கும் அந்த மேட்சுக்காகத்தான் இரு பக்கமும் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறது. அவர்கள் எங்கள் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள், 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்கள். அந்த வாரம் வளாகம் முழுக்க 'எம்' என்ற எழுத்தின் மேல் சிவப்பு டேப் ஒட்டி அடித்துவிடுவார்கள். அந்த வளாகத்தில் என் மகள்! உதவித்தொகை கிடைத்தது, களத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நான் மறுக்கவில்லை.

இது அவளுக்கு நாலாவது வருஷம், பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள். என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் ஒவ்வொரு தடவையும் வேலை என்று சொல்லிவிடுவேன். இந்த நவம்பரில் எங்களுடனான மேட்ச் கொலம்பஸில்தான் நடக்கிறது. அந்த ஸ்டேடியத்தில் அவள் வாசிக்கும் கடைசி மேட்ச் அது. பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் எங்களுக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறாள். போனில் சொன்னாள்: "அப்பா, நீங்க யாருக்கு வேணா கத்துங்க. நான் வாசிக்கிறத ஒரு தடவை அங்க வந்து பாருங்க."

அந்த ஸ்டேடியத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று நண்பர்கள் எல்லோரிடமும் பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது விஷயம் தெரிந்து ஒருவர் "துரோகி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் தைத்துவிட்டது. மனைவியோ, "பொண்ணா டீமான்னு யோசிக்க என்ன இருக்கு? சின்னப்பிள்ளைத்தனமா இருக்கு" என்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. மகள் சின்னவளாக இருந்தபோது, வேறொரு எதிரணியின் ஸ்டேடியத்துக்கு எங்கள் நிறத்தில் ஜெர்சி போட்டுக்கொண்டு அவளோடு போயிருந்தேன். பின்னால் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பையன்கள் முதலில் டீமைத் திட்டினார்கள். அப்புறம் எங்கள் தோல் நிறத்தைச் சொல்லி, உங்கள் நாட்டுக்குப் போ என்றார்கள். என் மேல் பீர் கொட்டினார்கள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டோம். அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. 2024-ல் கொலம்பஸில் நாங்கள் 13–10 என்று ஜெயித்தபோது களத்தின் நடுவில் கொடி நடப் போய், கைகலப்பாகி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடித்ததை டிவியில் பார்த்து என் கை நடுங்கியது.

நான் போகத்தான் வேண்டுமா? போனால் என் நிறத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது போட்டுக்கொண்டு ஒளிந்துகொள்வதா? அவள் பேண்டுக்குக் கைதட்டினால் அது அவர்களுக்குத் தட்டியது ஆகாதா?

— பெயர் வேண்டாம், மிச்சிகன்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் "பொண்ணா டீமா" என்ற கேள்விக்கு விடையாக அதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்வியைவிடப் பெரிதாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலில், இது சின்னப்பிள்ளைத்தனம் இல்லை. 1976-ல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழகங்களில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபுட்பால் டீம் ஜெயித்த பிறகு வந்த திங்கட்கிழமை, கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் அதிகமாக இருந்தார்கள். பேச்சிலும் ஜெயித்தால் 'நாம்', தோற்றால் 'அவர்கள்' என்பது அதிகமாக வந்தது. அந்த ஏழில் மிச்சிகனும் உண்டு, ஒஹாயோ ஸ்டேட்டும் உண்டு. டீம் என்பது மனிதர்கள் தம்மை யார் என்று சொல்லிக்கொள்ளும் வழிகளில் ஒன்று. உங்களுக்கு அது இன்னும் ஆழமானது. மொழியும் முகங்களும் புதிதாக இருந்த ஊரில் உங்களைக் கட்டிப்பிடித்த முதல் கை அந்த ஸ்டேடியத்தில்தான் இருந்தது. அந்த நன்றியை விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மனைவியிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள். அவர் கேலி செய்வது டீமை. அதன் பின்னால் இருக்கும் அந்த முதல் வருஷத் தனிமையை அவரிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

இரண்டாவது, அந்தப் பழைய சம்பவம். கடிதத்தின் கடைசியில் 'இன்னொன்றும் உண்டு' என்று வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் வர வேண்டியதாகப் படுகிறது. எதிரணியைக் கிண்டல் செய்வது எந்த ஸ்டேடியத்திலும் நடப்பது. தோல் நிறத்தைச் சொல்லி விரட்டுவதும் பீர் கொட்டுவதும் தாக்குதல். அதுவும் உங்கள் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்த அவமானத்தையும் பயத்தையும் வெளியே பேசாமல் இத்தனை வருஷம் சுமந்திருக்கிறீர்கள். 'எதிரணி ஸ்டேடியத்துக்குள் கால் வைக்க மாட்டேன்' என்ற சபதத்தில் டீம் பற்று எவ்வளவு, இந்தக் காயம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். பற்று என்று சொன்னால் நண்பர்கள் தோளில் தட்டுவார்கள். பயம் என்று சொல்வது அவ்வளவு எளிதில்லை. டிவியில் அந்தக் கைகலப்பைப் பார்த்துக் கை நடுங்கியது டீமுக்காக மட்டும் இருக்காது. அது களத்தில் ஆட்டக்காரர்களுக்குள் நடந்தது, பார்வையாளர் பகுதியில் நடந்ததில்லை என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் உடம்பு அந்தப் பழைய நாளுக்குப் போய்விடுகிறது.

இதை மகளிடம் பேசுங்கள். அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவளும் அந்த இருக்கையில்தான் இருந்தாள். நீங்கள் அவளைப் பாதுகாப்பதற்காகப் பேசாமல் இருந்தீர்கள் என்றால், அவளும் உங்களுக்காகப் பேசாமல் இருந்திருக்கக்கூடும். இத்தனை தடவை 'வேலை' என்று சொன்னதற்கு அவள் மனதில் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பாள் என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 'அப்பாவுக்கு நான் இங்கே சேர்ந்தது பிடிக்கவில்லை' என்று நினைத்திருக்கலாம். உண்மைக் காரணத்தில் பாதியாவது அவளுக்குத் தெரியட்டும்.

அவள் அங்கே சேர்ந்தபோது 'நான் மறுக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷப்பட்டேன் என்று எழுதவில்லை. அதில் ஒரு வலி இருப்பது தெரிகிறது. நீல நிற உடுப்பில் வளர்த்த பிள்ளை சிவப்பும் சாம்பலும் உள்ள பக்கம் போய்விட்டாள். ஆனால் அவள் அங்கே கண்டது என்ன என்று பாருங்கள். ஆன் ஆர்பரில் உங்களுக்குக் கிடைத்ததுதான் கொலம்பஸில் அவளுக்குக் கிடைத்திருக்கிறது: ஆயிரக்கணக்கான அந்நியர்களுக்கு நடுவில், நீயும் எங்களில் ஒருத்தி என்ற இடம். அதன் மதிப்பு உங்களைவிட நன்றாகத் தெரிந்த தகப்பன் யார்?

துரோகி என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்கள் டீமின் மிகப் பெரிய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் பிறந்தது ஒஹாயோவில். கல்லூரியில் வூடி ஹேய்ஸ் என்ற பயிற்சியாளரிடம் ஆடினார், பிறகு ஒஹாயோ ஸ்டேட்டில் அவருக்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 1969-ல் மிச்சிகனுக்கு வந்த முதல் வருஷமே தன் குருவை 24–12 என்று தோற்கடித்தார். அந்த வருஷம் தொடங்கிப் பத்து வருஷம் நேருக்கு நேர் மோதியும் இருவருக்கும் இடையே மரியாதை போகவில்லை. 2006 நவம்பர் 17-ல் போ இறந்தார். மறுநாள் கொலம்பஸில் இந்த மேட்ச், நாட்டின் முதல் இரண்டு டீம்களும் மோதிய நாள். அந்த ஸ்டேடியமே, எதிரணிக்காரருக்காக, மேட்சுக்கு முன் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. உங்கள் போட்டியின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம்தான்.

கைதட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தட்டுங்கள். களத்தில் நடந்தபடியே 'ஒஹாயோ' என்று கூட்டெழுத்தில் எழுதுவது அவள் பேண்டின் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அவர்கள் அதை முதலில் செய்தது 1936-ல். அதற்கு முன்பே, 1932-ல், அதே ஸ்டேடியத்தில் 'ஒஹாயோ' என்று கூட்டெழுத்தில் எழுதிக் காட்டியது மிச்சிகன் பேண்ட். உங்கள் பக்கத்து இசைக்காரர்களே அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்கள் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் உங்கள் மகளுக்குக் கைதட்டுவதில் என்ன குறை? டச் டவுன் விழும்போது உங்கள் டீமுக்குத் தட்டுங்கள், பேண்ட் வரும்போது அவளுக்குத் தட்டுங்கள். அவளே அனுமதி கொடுத்துவிட்டாளே.

உடை விஷயத்தில் என் யோசனை இது. நவம்பர் கடைசியில் அங்கே நல்ல குளிர் இருக்கும். உங்கள் நீலத்தை உள்ளே போட்டுக்கொண்டு மேலே சாதாரணக் கோட் போடுங்கள். திறப்பதா வேண்டாமா என்பதை இருக்கையில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்து முடிவு செய்யலாம். இதை நான் ஒளிந்துகொள்வதாக நினைக்கவில்லை. ஒரு தடவை அடிபட்டவர் அடுத்த தடவை எச்சரிக்கையாக இருப்பது இயல்பு. அன்றைக்கு நீங்கள் எதையும் யாருக்கும் நிரூபிக்கப் போகவில்லை.

உட்கார்ந்ததும் பக்கத்து ஆட்களிடம், "என் பொண்ணு பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறா" என்று சொல்லுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2005-ல் இங்கிலாந்தில் மார்க் லெவினும் சகாக்களும் மான்செஸ்டர் யுனைடெட் என்ற கால்பந்து டீமின் ரசிகர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓடி வந்த ஒருவர் கண்ணெதிரே விழுவார். தங்கள் டீமைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த ரசிகர்கள், விழுந்தவர் எதிரணியான லிவர்பூலின் சட்டை போட்டிருந்தால் அவ்வளவாக உதவவில்லை. கால்பந்து ரசிகர்கள் எல்லோரும் ஓரினம் என்ற நினைப்பில் இருந்தவர்கள், லிவர்பூல் சட்டைக்காரருக்கும் தங்கள் ஆளுக்கு உதவியது போலவே உதவினார்கள். இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளும் ஓர் அடையாளம் கிடைத்தால் மனிதர்களின் பார்வை மாறுகிறது. கொலம்பஸில் பேண்ட் பிள்ளையின் அப்பா என்பது அப்படிப்பட்ட ஓர் அடையாளம்.

அப்படியும் யாராவது எல்லை மீறினால் பதில் பேச வேண்டாம். உடனே பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள், இடம் மாற்றித் தரக் கேளுங்கள். எழுந்து போகத் தோன்றினால் போங்கள். பேண்ட் ஆட்டம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் வாசிக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால்கூட நீங்கள் வந்த காரியம் முடிந்ததுதான். இதை முன்கூட்டியே மனைவியிடம் பேசி வைத்துக்கொண்டால், மாட்டிக்கொண்டோம் என்ற பதற்றம் பாதி குறையும். ஆட்டத்துக்கு முன் அதே பேண்ட் நடத்தும் 'ஸ்கல் செஷன்' என்ற நிகழ்ச்சியும் உண்டு. ஸ்டேடியத்துக்குள் நுழையும் முன் அந்தக் கூட்டத்தோடு கொஞ்ச நேரம் இருந்து பார்க்க அது நல்ல வழி.

நண்பர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், சாக்கு எதுவும் வேண்டாம். "பொண்ணு கடைசியா வாசிக்கிறா, போறேன்." அவ்வளவு போதும். உங்களைத் துரோகி என்றவருக்கும் பிள்ளைகள் இருக்கலாம்.

இவ்வளவும் படித்த பிறகும் நெஞ்சு படபடத்து, போக முடியாது என்று தோன்றினால் அதுவும் நேர்மையான முடிவுதான். அப்போது மகளிடம் வேலை என்று சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். அந்தச் சம்பவத்தின் ஞாபகம் தூக்கத்தைத் தொடர்ந்து கெடுத்தால், உங்கள் ஊரில் ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். பேசத் தொடங்கினால் குறையக்கூடிய சுமை அது.

போவதென்றால் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிடுங்கள். 23-ஆம் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், மேட்சன்று காலையில் அந்தப் பாதை நிரம்பிவிடும். அந்த வாரம் கொலம்பஸில் ஓட்டல் அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே பிடித்து வையுங்கள். உள்ளே பெரிய பை விட மாட்டார்கள், எந்தப் பை கொண்டுபோகலாம் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எந்தப் பக்கம், பேண்ட் எந்தப் பக்கம் உட்காரும், அவள் எத்தனையாவது வரிசையில் வருவாள் என்று மகளிடம் இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். அத்தனை பேரில் அவளைக் கண்டுபிடிக்க ஒரு பைனாகுலரும் வேண்டியிருக்கும்.