தரைக்கு ஒரு நேரம், ரேடியேட்டருக்கு ஒரு நேரம்

குடியாத்தத்திலிருந்து லீட்ஸ் நகருக்கு வந்து முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வாடகை வீட்டில் கீழே கூடத்திலும் சமையலறையிலும் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள், மாடி அறைகளில் சுவரோரம் ரேடியேட்டர்கள் (வெந்நீர் ஓடும் இரும்புத் தகடுகள்), இரண்டுக்கும் ஒரே கேஸ் பாய்லர். வேலை முடிந்து வந்து மாலையில் போட்டால் மாடி அரை மணி நேரத்தில் சூடாகிவிடுகிறது. கீழே தரையில் சூடு தெரிவதற்குள் படுக்கும் நேரம் வந்துவிடுகிறது. பில் ஏறுகிறது. டிசம்பரில் அம்மா வருகிறார், என்ன செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, நான் காட்பாடிக்காரன், இங்கிலாந்தில் குடியேறி நெடுநாள் ஆகிறது. உங்கள் பாய்லரில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேகமாக ஓடும் ஒன்றையும் மெதுவாக நடக்கும் ஒன்றையும் ஒரே நேரத்தில் கிளப்பி, ஒரே நேரத்தில் நிறுத்துகிறீர்கள்.

கத்தரி வெயிலில் நம் ஊர் மொட்டை மாடி எப்படி இருக்கும்? பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு பதினொரு மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும், பாய் விரிக்க முடியாது. உங்கள் கூடத்துத் தரையும் அப்படித்தான். குழாய்கள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தால், அது சூடேறவும் பல மணி நேரம், ஆறவும் பல மணி நேரம். ஆறு மணிக்கு நீங்கள் போட்ட சூடு, எல்லோரும் தூங்கியபின் வெறும் கூடத்துக்குத்தான் போய்ச் சேருகிறது.

ஆகவே குளிர்காலம் முழுவதும் தரையை அணைக்காதீர்கள். கூடத்தின் வெப்பநிலை பகலில் 20 டிகிரி, இரவில் 17 அல்லது 18 இருக்கும்படி வையுங்கள். அதற்குக் கீழே இறக்கினால் மறுநாள் மீட்டெடுக்கவே நாள் போய்விடும். காலை ஏழு மணிக்குக் கதகதப்பு வேண்டுமென்றால் மூன்று, நான்கு மணிக்கே ஏறத் தொடங்க வேண்டும். இரவு எட்டு மணிக்கே இறக்கிவிடலாம், தேங்கிய சூடு படுக்கும்வரை தாங்கும். ரேடியேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. மெல்லிய இரும்புத் தகடு, சட்டென்று ஏறும், சட்டென்று ஆறும். எழுவதற்கு அரை மணி முன்பும், படுப்பதற்கு ஒரு மணி முன்பும் ஓடினால் போதும்.

இதைச் செய்ய, அறையின் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், வெந்நீரின் வழியைத் தானாகத் திறந்து அடைக்கும் மோட்டார் வால்வும் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். முதலில் இதைப் பாருங்கள். மாடி நடையில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட் இருந்தால், ரேடியேட்டர் அந்த இடத்தைச் சூடாக்கியதும் அது பாய்லரை நிறுத்திவிடும், தரை பாதி வழியிலேயே நின்றுபோகும். நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வருகிறது. அப்படி அமைத்திருந்தால் அது அரைகுறை வேலை. பிரித்துத் தரும்படி வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

படிக்கட்டுக்கு அடியிலோ அலமாரியிலோ சிறு குழாய்கள் வரிசையாகக் கிளம்பும் உலோகத் தண்டு ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு பம்பும், எண்கள் போட்ட திருகும் இருக்கும். அதுதான் கலப்பு வால்வு. பாய்லரிலிருந்து 60 டிகிரிக்கு மேல் வரும் நீருடன், தரையைச் சுற்றித் திரும்பும் ஆறிய நீரைக் கலந்து 35 முதல் 45 டிகிரியில் உள்ளே அனுப்புகிறது. சீக்கிரம் சூடாகட்டும் என்று அந்தத் திருகைக் கூட்டிவிடாதீர்கள். தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மரத்தரையாக இருந்தால் பலகை வளைந்துவிடும்.

பாய்லரின் வெப்பநிலையைக் குறைக்கலாம். இன்றைய கண்டென்சிங் பாய்லர்களுக்குத் திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். 75, 80 என்று வைத்திருந்தால் அந்த லாபம் புகைபோக்கி வழியே போய்விடும். 60 டிகிரியில் வைத்துப் பாருங்கள். வெந்நீர்த் தொட்டி தனியாக உள்ள வீடென்றால் 65க்குக் கீழே போகாதீர்கள். தொட்டி நீர் 60 டிகிரியை எட்டாவிட்டால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர இடமுண்டு.

ரேடியேட்டர் ஓரத்துத் திருகில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. படுக்கையறைக்கு 2, 3 போதும். தெர்மோஸ்டாட் உள்ள அறையில் மட்டும் திருகை முழுதாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று மறிக்கும்.

இனி அம்மா. மார்கழி விடியலுக்கே தலையில் துண்டு கட்டும் ஊரிலிருந்து வருகிறார், பகலெல்லாம் வீட்டில் இருப்பார். வயதானவர்கள் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகவே கூடாது, ஆகவே அவர் இருக்கும் நாட்களில் இரவிலும் 17 வேண்டாம். 21 வைத்தாலும் தவறில்லை, அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிப் பழகியவருக்கு இந்தத் தரை பெரிய வசதி. ஆனால் தடித்த கம்பளமோ மெத்தையோ அதன்மேல் விரித்தால் சூடு அடியிலேயே அடைபடும். மெல்லிய ஜமக்காளம் போதும். துணிகளை ரேடியேட்டர்மேல் காயப்போட்டால் ஈரம் சுவரேறிப் பூஞ்சை பிடிக்கும், அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாய்லர் இருக்கும் அறையில், கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத விஷவாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் இருக்கிறதா? 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் வாடகை வீட்டு உரிமையாளர்கள் அதை வைத்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் கேஸ் பாதுகாப்புச் சோதனையின் சான்றிதழையும் வாங்கி வையுங்கள்.

இந்த மாற்றங்களை ஒரே நாளில் செய்யாமல் ஒவ்வொன்றாகச் செய்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், தரை அவ்வளவு நிதானமானது. தெர்மோஸ்டாட் எத்தனை, எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். மீதியை அதை வைத்துச் சொல்கிறேன்.