மேஸ்திரியிடம் மூன்று ஆண்டு, ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு

பத்தாம் வகுப்பு தேறிய மகனை ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன் பிரிவில் சேர்த்து இரண்டு ஆண்டுகளை வீணாக்குவதா, அல்லது தெரிந்த மேஸ்திரியிடம் நேரடியாக வேலைக்கு விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 'வீணாக்குவதா' என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. கையில் காசு வர வேண்டிய நிலையில் உள்ள குடும்பம் என்று ஊகிக்கிறேன். எங்கள் குடும்பமும் அப்படித்தான் இருந்தது. ஆகவே நான் முதலில் மேஸ்திரியிடம்தான் போனேன்.

ஈரோட்டில் மூன்று ஆண்டுகள் சுவர் வெட்டிப் பைப் புதைத்தேன், வயர் இழுத்தேன், போர்டு கட்டினேன். பதினெட்டு வயதில் ஒரு வீட்டின் மொத்த வயரிங்கையும் தனியாக முடிக்கும் அளவுக்குக் கை பழகியிருந்தது. அந்தச் செருக்கில் இருந்தபோதுதான், மும்முனை (த்ரீ பேஸ்) இணைப்புள்ள ஒரு பழைய வீட்டில் மெயின் போர்டை இடம் மாற்றும் வேலை வந்தது. வீட்டில் ஆட்கள் இருந்ததால் மெயினை அணைக்காமலேயே வேலை செய்யும்படி மேஸ்திரி சொன்னார். மின்சாரம் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த மின்னியல். நியூட்ரல் வயரைக் கழற்றினேன். சில நொடிகளில் கூடத்திலிருந்த டி.வி.யில் புகை வந்தது. ஃபிரிட்ஜும் அத்துடன் போயிற்று. இ.பி. லைனில் கரண்ட் கூடி வந்துவிட்டது என்று மேஸ்திரி அந்த வீட்டுப் பாட்டியிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர் சொன்னது உண்மையல்ல என்றுகூட எனக்குத் தெரியாது, ஏனெனில் என்ன நடந்தது என்பது எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

அது விளங்கியது ஐ.டி.ஐ.யில் சேர்ந்த பிறகுதான். பயிற்றுநர் 200, 60, 40 வாட் குண்டு பல்புகள் மூன்றை, பேஸுக்கு ஒன்றாக மாட்டி, மறுமுனைகளை நியூட்ரலில் சேர்த்து, அதாவது ஸ்டார் முறையில் இணைத்து எரியவிட்டார். பிறகு நியூட்ரலை மட்டும் துண்டித்தார். 200 வாட் பல்பு மங்கியது. மற்ற இரண்டும் கண் கூசும்படி எரிந்தன, 40 வாட் பல்பு போய்விட்டது. நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு பல்பும் 230 வோல்ட்டில் நிற்கும்; அது அறுந்தால் குறைந்த சுமையுள்ள பக்கத்தில் மின்னழுத்தம் 300 வோல்ட்டையும் தாண்டும் என்று அவர் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். எனக்கு அந்தப் பாட்டியின் டி.வி.தான் கண்ணுக்குள் நின்றது. மூன்று ஆண்டுகள் சுவர் வெட்டியும் கிடைக்காதது, மூன்று பல்புகளில் கிடைத்தது.

மேஸ்திரிகளை நான் இழிவுபடுத்துவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வளைவில் சிக்கிய வயரை உறை கிழியாமல் இழுக்கும் பக்குவத்தை எந்த வகுப்பும் எனக்குக் கற்றுத் தரவில்லை. எல்லா ஐ.டி.ஐ.யும் ஒன்றல்ல என்பதும் உண்மை; பணம் கட்டுவதற்கு முன் பணிமனைக்குள் போய்ப் பாருங்கள். மாணவர்கள் பெரிய மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைத் தங்கள் கையால் இணைத்து மோட்டாரை ஓட்டுகிறார்களா, வயரில் மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் மெகரைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். அரசு நிலையத்தில் இடம் கிடைத்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

சான்றிதழ் கணக்கையும் பார்க்க வேண்டும். அனுபவத்தை மட்டும் வைத்து மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத ஐந்தாண்டு வேலையும் 21 வயதும் வேண்டும். ஐ.டி.ஐ. கேட்கும் தொழிற்சாலை வேலைக்கோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சிக்கோ அந்தச் சான்றிதழைக் காட்ட முடியாது. சான்றிதழ், உரிமம் என்று பேசும்போது ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மின் ஒப்பந்ததாரர் உரிமம் வைத்திருக்கும் சிலர் கட்டடத்தின் வாசலைக்கூட மிதிக்காமல், எர்த் குழியில் கரி போட்டார்களா, குழி தோண்டினார்களா என்றுகூடப் பார்க்காமல், வயரிங் சரி என்று போடும் கையெழுத்துக்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் மெகர் வைத்துச் சோதித்து அதற்கும் சேர்த்துக் கூலி கேட்டால், 'பக்கத்துத் தெருவில் பாதி விலைக்குச் செய்கிறார்களே' என்ற பதில்தான் கிடைக்கிறது.

இந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டிருந்தால், அடுத்த சேர்க்கை வரை பையனை அந்த மேஸ்திரியிடமே அனுப்புங்கள், கை பழகட்டும். மெயினை அணைக்காமல் போர்டைத் திறக்கச் சொன்னால் மட்டும், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, மாட்டேன் என்று சொல்லச் சொல்லி அனுப்புங்கள்.