"தெரியாது" என்று சொல்லும் பிள்ளையிடம் அடுத்து என்ன கேட்பது?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. "உனக்கு எது முக்கியம்? எதை விட்டுக்கொடுக்கவே மாட்டாய்?" என்று கேட்டால் "தெரியாது" என்கிறாள். தன்னைப் பற்றிய தெளிவும் தனக்கென்று சில விழுமியங்களும் அவளுக்கு உருவாக நான் எப்படி உதவுவது?

பதில்:

உங்கள் மகள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். முதலில் அதை நம்புங்கள். அந்த வயதில் இந்தக் கேள்விக்குத் தடங்கலே இல்லாமல் பதில் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பள்ளிகளில் பல ஆண்டுகள் மாணவர் ஆலோசகராக இருந்தவள். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் என் மகனிடம் நான் செய்த தவறுதான். அவனுக்கு 14 வயது இருக்கும்போது, நாற்பது ஐம்பது விழுமியங்களை வரிசையாக அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, "உனக்கு முக்கியமான ஐந்தைக் குறித்துக் கொடு" என்றேன். பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டான். குடும்பம், நேர்மை, கல்வி, மரியாதை, உழைப்பு. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. தாளைப் பத்திரப்படுத்தி வைத்தேன். சில மாதங்கள் கழித்து எங்களுக்குள் வேறு ஏதோ வாக்குவாதம் வந்தபோது, "குடும்பம்தான் முதலில் என்று நீதானே எழுதினாய்?" என்று அதையே அவன் மேல் திருப்பினேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "நீ படிக்கப் போகிறாய் என்று தெரிந்த பிறகு வேறு எதை எழுத முடியும், அம்மா?" என்றான்.

அந்தத் தாளில் இருந்தவை என்னுடைய விழுமியங்கள், அவனுடைய கையெழுத்தில்.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து எழுதினார். வளரிளம் பருவத்துக்கு அவர் ஒதுக்கிய வேலை, "நான் யார்?" என்ற கேள்வியோடு மல்லுக்கட்டுவது. 1966இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் அதை இன்னும் நெருங்கிப் பார்த்தார். இந்தப் பிள்ளை தேடிப் பார்த்திருக்கிறதா, ஏதேனும் ஒன்றில் உறுதியாக நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்து நான்கு நிலைகளைச் சொன்னார். தேடலும் இல்லை, உறுதியும் இல்லை என்பது ஒன்று. தேடிக்கொண்டிருக்கிறது, இன்னும் எதிலும் நிலைகொள்ளவில்லை என்பது இன்னொன்று. தேடி, பிறகு உறுதிகொண்டது மூன்றாவது. நான்காவது நிலையில்தான் என் மகன் அன்று நின்றான், அல்லது நிற்பதுபோல எனக்குக் காட்டினான். அங்கே உறுதி இருக்கிறது, தேடல் மட்டும் நடக்கவே இல்லை. பெரியவர்கள் கையில் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தும் பார்க்காமல் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளும் நிலை அது.

வெளியிலிருந்து பார்க்கும்போது நான்கில் மிக அழகாகத் தெரிவது இதுதான். சொன்ன பேச்சைக் கேட்கும், குழப்பம் இருக்காது, உறவினர்கள் பாராட்டுவார்கள். தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையோ எரிச்சலூட்டும். இன்று ஒன்று சொல்லும், நாளை மாற்றிச் சொல்லும், கேட்டால் தெரியாது என்று சொல்லும். உங்கள் மகள் இந்த இரண்டாவது இடத்தில் இருக்கலாம். அது வளர்ச்சியின் நடுவழி. அவளை அவசரப்படுத்தி நான்காவது இடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

சரி, எப்படி உதவுவது? விழுமியத்தைப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் பெயரிலிருந்து தொடங்குவதில்லை. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள், அதிலும் மனம் உறுத்திய ஒன்றைப் பற்றி. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

நான்கு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு செயல்திட்டம். அவர்களில் ஒருத்தி, இவளுடைய நெருங்கிய தோழி, கடைசிவரை எதையும் செய்யவில்லை. இவள் இரவு கண் விழித்து அவளுடைய பங்கையும் முடித்தாள். ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில் நேராக ஆசிரியரிடம் போய், தோழியின் பெயரை நீக்கிவிடச் சொன்னாள். தோழிக்கு மதிப்பெண் இல்லை, வகுப்பு முழுவதும் பார்க்கத் திட்டும் விழுந்தது. மூன்று நாள் தூங்காமல் என்னிடம் வந்தாள். "நான் செய்தது சரிதானே, மிஸ்? பிறகு ஏன் இப்படி இருக்கிறது?"

"சரிதான்" என்று சொல்லியிருக்கலாம். "போய் மன்னிப்புக் கேள்" என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். "அந்தக் காலையை மெதுவாகத் திரும்ப ஓட்டிப் பார். எந்த இடத்தில் முதலில் வயிற்றைப் பிசைந்தது?" என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். தோழி திட்டு வாங்கிய நேரத்தைச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு. ஆசிரியர் அறைக்குப் போகும் வழியில் அந்தத் தோழி எதிரே வந்தாளாம், சிரித்தாளாம். "நானும் சிரித்தேன், மிஸ். சிரித்துவிட்டுத்தான் உள்ளே போய்ச் சொன்னேன்."

பிறகு அவளாகவே பேசத் தொடங்கினாள். பெயரை நீக்கச் சொன்னதில் அவளுக்கு இப்போதும் வருத்தம் இல்லை. உழைக்காதவருக்கு மதிப்பெண் கிடைப்பது அவளுக்கு ஒப்பவே ஒப்பாது. முகத்துக்கு நேரே சொல்லாமல், சிரித்த முகத்தோடு கடந்து போனதுதான் உறுத்தியது. என் மகனுக்குக் கொடுத்த அதே தாளை அவளிடம் கொடுத்திருந்தால் அவளும் "நேர்மை" என்று குறித்திருப்பாள். இந்த அளவுக்குத் துல்லியமான நேர்மை எந்தத் தாளிலும் அச்சாகியிருக்காது.

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992இல் பத்து வகை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். வட்டத்தில் அடுத்தடுத்து இருப்பவை ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை இழுபறியில் இருக்கும். தன் சாதனை ஒரு பக்கம் என்றால் பிறர் நலன் எதிர்ப்பக்கம். புதியதைத் தேடும் துடிப்பு ஒரு பக்கம் என்றால் பாதுகாப்பு எதிர்ப்பக்கம். எது முக்கியம் என்று வெறுமனே கேட்டால் எல்லாமே முக்கியம் என்றுதான் யாரும் சொல்வார்கள். இரண்டு நல்லவை மோதும் நாளில், எதற்காக எதை விட்டோம் என்பதில்தான் ஒருவருடைய விழுமியம் வெளியே தெரியும். மதிப்பெண்ணுக்கும் தோழிக்கும் நடுவே அந்தப் பெண் நின்ற காலை அப்படிப்பட்டது. உங்கள் மகளுக்கும் வாரம் ஒன்றாவது அப்படி வரும். அதை நாம் பெரும்பாலும் சண்டை என்றோ பிடிவாதம் என்றோ பெயரிட்டுக் கடந்துபோகிறோம்.

கேட்கும் விதத்தில் ஒரு சின்ன மாற்றம் மிகவும் உதவும். "ஏன்" என்ற சொல்லைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். நம் வீடுகளில் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பது பெரும்பாலும் கேள்வியாக இருப்பதில்லை. தீர்ப்பு எழுதிய பிறகு வாசிக்கப்படும் குற்றப்பத்திரிகை அது. பிள்ளை உடனே தற்காப்புக்குப் போய்விடும், இல்லாத காரணத்தைக்கூடக் கட்டும். "அப்போது உனக்கு என்ன தோன்றியது?", "எந்த இடத்தில் கோபம் வந்தது?", "திரும்ப அதே நாள் வந்தால் எதை மட்டும் மாற்றுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்கும்.

கோபத்தோடு பொறாமையையும் தவறாமல் கேட்பேன். யாரைப் பார்த்துப் பொறாமை என்பதைவிட அவர்களிடம் உள்ள எது வேண்டும் என்று தோன்றுகிறது என்பது முக்கியம். மதிப்பெண் எடுக்கும் பிள்ளையைப் பார்த்துப் பொறாமை இல்லை, வகுப்பில் தைரியமாக மறுத்துப் பேசும் பிள்ளையைப் பார்த்துத்தான் பொறாமை என்று ஒரு மாணவன் சொன்னபோது, தனக்கு என்ன வேண்டும் என்பதை அவன் முக்கால்வாசி சொல்லி முடித்திருந்தான். பொறாமை தவறு என்று முதலிலேயே அதட்டி வைத்தால் இந்தக் கதவு மூடிவிடும்.

இன்னொன்று, சொற்கள். "ஒரு மாதிரி இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாத பிள்ளைகள் ஏராளம். நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்? எரிச்சல் வேறு, ஆற்றாமை வேறு, ஏமாற்றம் வேறு, அவமானம் வேறு, ஏக்கம் வேறு, உறுத்தல் வேறு. கோபம் என்று பிள்ளை சொல்வதைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். மாத்யூ லீபர்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ அச்சமோ தெரியும் முகங்களின் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் அபாய மணி போலச் செயல்படும் அமிக்டலா பகுதியின் வேகம் தணிந்தது. பெயர் வைத்தவுடன் உணர்ச்சி கொஞ்சம் கைக்கு அடங்குகிறது. ஆனால் பெயரை நீங்கள் வைத்துவிடாதீர்கள். "இது ஏமாற்றமா, அவமானமா?" என்று இரண்டை முன்னால் வைத்தால் போதும். அவள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வாள்.

எங்கே கேட்பது என்பதும் உண்டு. எதிரே உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, "கொஞ்சம் பேசலாமா?" என்று தொடங்கினால் பாதித் தோல்வி. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் இந்த வயதினரைப் பற்றி ஒன்றைக் கவனித்துச் சொன்னார். எல்லோரும் தங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் எப்போதும் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல. இன்று கைப்பேசி அந்தக் கூட்டத்தை நிஜமாகவே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது. அதில் நீங்களும் ஒருவராகச் சேர வேண்டாம். சேர்ந்து நடக்கும்போது, பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, துணி மடிக்கும்போது கேளுங்கள். முகம் பார்க்காத இடங்களில் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். ஒரு கேள்விதான், இரண்டாவது வேண்டாம். பதில் வராவிட்டால் "சரி" என்று விட்டுவிடுங்கள். பல நேரம் பதில் மூன்று நாள் கழித்து, சம்பந்தமே இல்லாத நேரத்தில் வரும்.

எழுதுவது பிடிக்கும் என்றால் எழுதட்டும். பட்டியல்களையே நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜெஃப்ரி கோஹனும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பட்டியலில் தங்களுக்கு முக்கியமானதைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம் என்று சுமார் 15 நிமிடம் எழுதினார்கள். அந்தக் கல்விப் பருவத்தில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களுடனான இடைவெளி சுமார் 40 சதவீதம் குறைந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது சில இடங்களில் பலன் கிடைத்தது, சில இடங்களில் கிடைக்கவில்லை. எனவே மந்திரமாக நினைக்காதீர்கள். நான் என் மாணவர்களிடம் சொன்னது இதுதான்: ஒரு சொல்லை எடு, அது உனக்கு முக்கியம் என்று காட்டிய ஒரு நாளைப் பற்றி எழுது, என்னிடம் காட்டாதே. காட்டாதே என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே சிலர் எழுதினார்கள்.

அவளுடைய நாட்குறிப்பை ஒருபோதும் திறக்காதீர்கள். ஒரு முறை திறந்தால், அடுத்த பக்கத்திலிருந்து அவள் உங்களுக்காக எழுதத் தொடங்குவாள். என் மகன் எனக்காகக் குறித்ததுபோல.

பாதியில் விட்டுவிடும் விஷயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டு, விளையாட்டு, ஓவியம் என்று தொடங்கித் தொடங்கி விடும் பிள்ளையை நிலையில்லாதவள் என்று சொல்லிவிடுகிறோம். தொட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும்? விட்ட பிறகு, "இதில் எது உனக்கு ஒத்துவரவில்லை?" என்று மட்டும் கேளுங்கள். போட்டி பிடிக்கவில்லையா, தனிமை பிடிக்கவில்லையா, யாரோ சொல்லிச் சேர்ந்ததா என்று அவளுக்கே தெரியவரும்.

உங்கள் பக்கத்திலிருந்தும் ஏதாவது கொடுங்கள், அறிவுரையாக இல்லாமல். உங்கள் மனத்துக்கு ஒவ்வாத ஒன்றைச் செய்துவிட்டு நீங்கள் வருந்திய ஒரு நாளைச் சொல்லுங்கள். நீதி சேர்க்காமல் நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். "தெரியாது" என்பதோடு சேர்ந்து, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது, தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் மாறுவது, எல்லோரிடமிருந்தும் விலகுவது இருந்தால் அது தேடல் ஆகாது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றே பாருங்கள், காத்திருக்காதீர்கள்.

என் மகனுக்கு இப்போது 19. அந்தத் தாள் விவகாரத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஓர் ஆண்டு அவன் என்னிடம் எதையும் மனம்விட்டுப் பேசவில்லை. நானும் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். பிறகு ஒரு மாலை நடந்துபோகும்போது, பேச்சுப்போட்டிக் குழுவிலிருந்து விலகிவிட்டதாகச் சொன்னான். அவன் மேடையில் பேசுவதைப் பார்ப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். "ஏன்" என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. "எப்போது முதலில் தோன்றியது?" என்று கேட்டேன். நம்பாத ஒன்றை ஆதரித்து அவன் பேசி, பரிசும் வாங்கிய ஒரு நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். வீடு வந்தும் பேச்சு முடியவில்லை, வாசலில் நின்றே பேசினோம். அவன் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு இல்லை. கடைசிவரை இடைமறிக்காமல் கேட்டேன்.